மூன்று மாத ஊசிக்குப் பிறகு முடி உதிர்வு, மங்கு, பரு: ஊசியை விடுவதா, மாற்றுவதா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 27 வயதுத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது பிள்ளைக்கு இப்போது 5 மாதம், தாய்ப்பால் கொடுக்கிறார். பிள்ளைக்கு 6 கிழமையாக இருந்தபோது கிளினிக்கில் மூன்று மாத ஊசி, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி போட்டார். இரண்டாவது ஊசி போட்டு மூன்று கிழமையாகிறது. பிள்ளைக்கு மூன்றரை மாதமானபோது தொடங்கிய முடி உதிர்வு இன்னும் நிற்கவில்லை. இரண்டு கன்னத்திலும் மண்ணிறமாக மங்கு படிந்திருக்கிறது, தாடையோரம் பரு. "ஊசியை விடு, எல்லாம் சரியாகும்" என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சொல்கிறார்கள். விடலாமா, கருத்தடைக் குளிசைக்கு மாறலாமா, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி நல்லதா என்பது கேள்வி.

தங்கச்சி, வேறு முறை ஒன்றைக் கையில் எடுக்காமல் ஊசியை விடாதீர்கள். உங்களுக்கு மூன்று தொல்லைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முடி உதிர்வில் ஊசியை விடப் பிரசவத்தின் பங்குதான் பெரியதாகத் தெரிகிறது. மங்குக்குக் கர்ப்பமும் வெயிலும் முதல் காரணம். பருவில்தான் ஊசியின் பங்கு கொஞ்சம் வலுவாக இருக்கலாம். ஊசியை மட்டும் நிறுத்தினால் இவற்றில் எது குறையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு கர்ப்பம் தரித்தாலோ மங்கு கறுக்கும், உடம்பில் இருக்கும் இரும்புச்சத்தும் குறையும், அந்தப் பிரசவத்துக்குப் பிறகு முடி மறுபடி கொட்டும்.

முதலில் முடியைப் பார்ப்போம். தலையில் ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், பிறகு வளர்ச்சி நின்று ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் கிடக்கும், அதன் பின்தான் விழும். எனவே இன்று சீப்பில் வரும் முடிக்குக் காரணம் இன்று நடந்ததல்ல, இரண்டு மூன்று மாதத்துக்கு முன் உடம்பில் நடந்த மாற்றம். கர்ப்ப காலத்தில் எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் கூடியிருப்பதால் விழ வேண்டிய முடியும் விழாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஏழு எட்டு மாதக் கர்ப்பிணியின் பின்னல் தடிமனாகத் தெரியும். பிரசவத்தோடு எஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குகிறது. அவ்வளவு முடியும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், பிள்ளைக்கு மூன்று நான்கு மாதமாகும்போது ஒன்றாக உதிர்கிறது. பிள்ளைக்கு ஒரு வயதாவதற்குள் பெரும்பாலும் தானாகத் தேறிவிடும்.

நம் கிளினிக்குகளில் முதல் ஊசி பிரசவத்துக்குப் பின் 6 கிழமையளவில் போடப்படுவது வழக்கம். பிரசவத்தால் கொட்ட வேண்டிய முடி, ஊசி போட்டு இரண்டு மாதத்தில் கொட்டத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே மாதத்தில் வந்து விழுவதால் பழி ஊசியின் தலையில் விழுகிறது. பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தை எடுத்துப் பிறந்த திகதியைப் பாருங்கள், கிளினிக் அட்டையில் ஊசித் திகதிகளைப் பாருங்கள், முடி கொட்டத் தொடங்கிய நாளையும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் கணக்கில் பிரசவத்துக்கும் உதிர்வுக்கும் இடையில் மூன்றரை மாதம். பிரசவ உதிர்வுக்குச் சரியாகப் பொருந்தும் இடைவெளி அது.

இதை வைத்து ஊசிக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மருந்துடன் வரும் தகவல் தாளிலேயே முடி உதிர்வும் பருவும் பக்கவிளைவாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன, நூறு பெண்களில் ஓரிருவர் அளவில். பிரசவத்தோடு தொடர்பில்லாமல், பிள்ளைக்கு மூன்று நான்கு வயதான பிறகு முதன்முதல் ஊசி போட்டு, இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டினால் நானும் ஊசியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உங்கள் விடயத்திலும் பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியும் கொட்டுதல் தொடர்ந்தால், பிரசவத்தைக் காரணம் காட்ட முடியாது. அப்போது ஊசியை மாற்றிப் பார்ப்பது நியாயம்.

விழுந்த முடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் ஊசிமுனை அளவு வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரோடு, ஓய்வுக் காலம் முடிந்து விழுந்த முடி. பிரசவம், காய்ச்சல், மருந்து, இரும்புக் குறைவு எல்லாவற்றிலும் விழுவது இதுதான். முடிச்சே இல்லாமல் நீளம் குறைந்து வந்தால் அது இடையில் முறிந்த முடி. இறுக்கிக் கட்டுவது, ஈரத்தோடு வாருவது, சாயம், சூடு போன்றவை அதற்குக் காரணம், ஹோர்மோன் அல்ல. நெற்றியோரம் இரண்டு மூன்று சென்றிமீற்றர் நீளத்தில் சிறு முடிகள் நிமிர்ந்து நின்றால் மீண்டும் முளைக்கிறது என்று அர்த்தம். முடி மாதம் ஒரு சென்றிமீற்றர் அளவுதான் வளரும் என்பதால், அந்த இரண்டு சென்றிமீற்றர் முடி உங்கள் தலை இரண்டு மாதத்துக்கு முன்பே தேறத் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். தலை முழுகாமல் விட்ட மறுநாள் இதைவிடக் கூட வரும். இடுப்பளவு நீள முடியில் நூறு முடியே கைநிறையத் தெரியும், பயந்துவிட வேண்டாம்.

மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் நான் எப்போதும் பார்க்கச் சொல்லும் இடம் உச்சந்தலை. கூடையின் அல்லது பையின் கயிறு தலையில் எங்கே அழுத்துகிறதோ, அந்தக் கோட்டிலேயே முடி மெலிந்திருந்தால் அது பாரத்தாலும் உரசலாலும் வந்தது. பிரசவத்தாலும் ஹோர்மோனாலும் விழுந்தால் தலை முழுவதும் சமமாகவோ, நடு வகிடு அகன்றோ தெரியும். பட்டைபோல ஒரு வரியில் தெரியாது. கயிற்றின் கீழே மடித்த தடித்த துணி வையுங்கள், கயிறு விழும் இடத்தைக் கிழமைக்கொரு தரம் முன்னும் பின்னுமாக மாற்றுங்கள், கொண்டையைக் கயிற்றின் கீழ் வராமல் தாழ்வாக, தளர்வாகப் போடுங்கள். வருடக்கணக்காக ஒரே இடத்தில் இழுபட்டால் வேர் செத்துவிடும், அதன் பின் முளைக்காது. ஊசியை விட்டாலும் அந்த இடம் தேறாது. நாணயம் அளவு வட்டமாக, வழவழப்பாக முடி இல்லாமல் போயிருந்தால் அது வேறு நோய். அதைத் தோல் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது இரும்புச்சத்து. மலையகத்தில் முடி உதிர்வைப் பேசும்போது இதைத் தாண்டிப் போகவே கூடாது. அடுத்தடுத்து இரண்டு கர்ப்பம், பிரசவத்தில் போன இரத்தம், இறைச்சி மீன் குறைந்த சாப்பாடு, சாப்பாட்டோடு பிளேன்டீ: இவை எல்லாம் சேர்ந்து உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைத் தீர்த்துவிடும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. ரொட்டியோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போட்டாலே வித்தியாசம் வரும். கிளினிக்கில் இரும்புக் குளிசையோடு கல்சியக் குளிசையும் தந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள், கல்சியம் இரும்பைத் தடுக்கும். கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு எடுங்கள். இரும்பை இரவு சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து, தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு எடுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வயிறு புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம். அப்படி எடுத்தாலும் நன்றாகச் சேர்கிறது என்பதால் முழுதாக விட்டுவிட வேண்டாம். காலில் செருப்பில்லாமல் மலையில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழுவாலும் இரத்தம் குறையும், கடைசியாகப் புழுக் குளிசை எப்போது எடுத்தீர்கள் என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகள் மூன்று. ஒன்று முழு இரத்த எண்ணிக்கை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. நுவரெலியா போன்ற 1800 மீற்றர் தாண்டிய உயரத்தில் அந்த எல்லை இன்னும் சற்று மேலே போகும், எனவே அங்கே இருப்பவர் 12 வந்ததும் "எனக்கு இரத்தம் போதும்" என்று முடிவெடுக்கக் கூடாது. இரண்டாவது ஃபெரிட்டின், அதாவது சேமிப்பில் உள்ள இரும்பு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இறங்கி முடி கொட்டும் பெண்கள் நிறையப் பேர். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும், சுகமான பிறகு எடுங்கள். மூன்றாவது தைரொயிட். பிரசவத்துக்குப் பின் முதல் வருடத்தில் தைரொயிட் சுரப்பி குழம்புவது உண்டு. முடி உதிர்வோடு குளிர் தாங்காமை, அசதி, மலச்சிக்கல் இருந்தால் டிஎஸ்எச் பரிசோதனையைக் கட்டாயம் கேளுங்கள். ஃபெரிட்டின் எல்லா அரச ஆய்வுகூடத்திலும் செய்ய முடியாது, வெளியே செய்யப் பணம் வேண்டும். வசதி இல்லாவிட்டால் முழு இரத்த எண்ணிக்கையை வைத்தே டொக்டர் இரும்பு தொடங்கலாம்.

மினொக்சிடில் என்ற தலை மருந்தைப் பாமசியில் தூக்கித் தருவார்கள். பால் கொடுக்கும் உங்களுக்கு இப்போது அது வேண்டாம், பிரசவ உதிர்வுக்கு அது தேவையுமில்லை. பயோட்டின் குளிசையும் அப்படித்தான், சாப்பிடும் ஒருவருக்கு அந்தச் சத்துக் குறைவது அபூர்வம். அதோடு அது தைரொயிட் பரிசோதனையின் முடிவையும் பிழையாகக் காட்டும். அந்தக் காசுக்கு முட்டையும் நெத்தலியும் வாங்குங்கள்.

இனி மங்கு. இரண்டு கன்னத்திலும் சமமாக, நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் மண்ணிறமாகப் படியும் இது, சொறியாது, வலிக்காது. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களை எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் உசுப்பிவிடுகின்றன, வெயில் பட்டதும் அவை அளவுக்கு மீறி நிறத்தைக் கொட்டுகின்றன. கர்ப்ப காலத்திலேயே தொடங்கியிருந்தால், அது ஊசிக்கு முன்பே வந்தது. கர்ப்பமான மாதங்களில் எடுத்த படம் ஒன்று கைபேசியில் இருந்தால் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே மேலுதட்டில் நிழல்போலத் தெரியும். பிரசவத்தால் வந்தது பலருக்கு ஒரு வருடத்துக்குள் மங்கிப் போகும், ஆனால் வெயில் தொடர்ந்து பட்டால் போகாது.

நம் ஊரில் குளிர் என்பதால் வெயில் இல்லை என்று நினைக்கிறோம். தோலைக் கறுக்க வைப்பது சூடு அல்ல, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். 1000 மீற்றர் உயரம் ஏறினால் அந்தக் கதிர் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து கூடுகிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், சூரியன் தலைக்கு மேலே நிற்கும் நாட்டில். மெல்லிய மேகமும் பனிமூட்டமும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போனது முதல் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரை முகம் வெளியில்தான். தலையில் போடும் துணி கயிற்றிலிருந்து முடியைக் காக்கும், கன்னத்துக்கு நிழல் தராது.

எனவே முதல் மருந்து நிழல். நெற்றிக்கு முன்னால் நான்கு விரல் அகலத்துக்கு விளிம்பு நீண்ட தொப்பி வேண்டும். கயிறு தலையில் விழுவதால் தொப்பி நிற்காது என்பவர்கள், விளிம்பை மட்டும் தனியாகத் துணியில் தைத்து நெற்றியில் கட்டி, கயிற்றை அதற்குப் பின்னால் விடலாம். இரண்டாவது சன்ஸ்கிறீம். எஸ்பிஎஃப் (SPF) எண் 30 அல்லது அதற்கு மேல் உள்ளது வேண்டும். முடிந்தால் தோல் நிறத்தில் சாயம் கலந்தது, அதில் இருக்கும் இரும்பு ஒட்சைட்டு சாதாரண வெளிச்சத்தையும் மறைக்கும், மங்கை அந்த வெளிச்சமும் கறுக்க வைக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் நுனி முதல் அடி வரை இழுத்த இரண்டு கோடு அளவு வேண்டும். பொட்டுப் பொட்டாக வைத்துத் தடவினால் அட்டையில் எழுதியிருக்கும் பாதுகாப்பில் பாதி கூடக் கிடைக்காது. வெளியே போக 15 நிமிடத்துக்கு முன் ஒருமுறை, பகல் சாப்பாட்டு நேரம் முகம் துடைத்துவிட்டு இன்னொருமுறை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பது சரியான விதி, மலையில் நிற்பவருக்கு அது நடக்காது என்பதும் தெரியும். அதனால்தான் தொப்பியை முதலில் சொன்னேன். கிறீமுக்கும் தொப்பிக்கும் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் தொப்பியை வாங்குங்கள்.

பூசும் மருந்தில் உங்களுக்குப் பொருத்தமானது அசெலயிக் அமிலக் கிறீம், 20 வீதம். பால் கொடுக்கும்போதும் பாவிக்கலாம், மங்குக்கும் பருவுக்கும் இரண்டுக்கும் வேலை செய்யும். இரவில் மட்டும், பட்டாணி அளவு, முகம் முழுவதும் மெல்லிதாகத் தொடங்குங்கள். முதல் இரண்டு கிழமை கிள்ளுவதுபோல எரியும், அது அடங்கியதும் காலையும் இரவும். பலன் தெரிய மூன்று மாதம், முழுதாகத் தெரிய ஆறு மாதம். பிள்ளையின் முகம் உங்கள் கன்னத்தில் உரசும் முன் கிறீம் காய்ந்திருக்கட்டும். ஹைட்ரோகுவினோன் டொக்டர் சொல்லி, சொன்ன மாதங்களுக்கு மட்டும். அதை வருடக்கணக்காகப் பூசினால் நீலக் கறுப்பாக மாறி நிரந்தரமாகிவிடும். தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் போகவே கூடாது. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கொப்பளித்து, மங்கைவிடக் கறுப்பான தழும்பு விழும்.

வெள்ளையாக்கும் கிறீம் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. சந்தையிலும் கைபேசி வழியாகவும் வரும் சிறு டப்பாக்களில் பலவற்றில் பாதரசமோ கடும் ஸ்டீரொய்டோ இருக்கிறது. இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்று வெளுத்தால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள், மங்குக்கான எந்த ஒழுங்கான மருந்தும் அந்த வேகத்தில் வேலை செய்யாது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உள்ளடக்கம் எழுதாதது, செய்த கம்பனியின் விலாசம் இல்லாதது, தங்கம் வெள்ளி நகையில் படாமல் பாவிக்கவும் என்று எழுதியிருப்பது, கலோமெல் அல்லது மேர்கூரி என்ற சொல் உள்ளது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பாதரசம் என்றே கொள்ளுங்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும், தாய்ப்பாலில் கலக்கும், உங்கள் முகத்தோடு முகம் வைக்கும் பிள்ளையின் உடம்பிலும் சேரும். க்ளோபெட்டசோல், பெட்டாமெதசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் ஸ்டீரொய்ட். அவை முகத்தோலை மெலிதாக்கி, சிவந்த மெல்லிய இரத்தக் குழாய்களை எழுப்பி, பருவையும் முக மயிரையும் கொண்டுவரும். பெண்கள் அதைத்தான் ஊசியின் பக்கவிளைவு என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். ஏற்கனவே பல மாதம் பூசியிருந்தால் ஒரே நாளில் நிறுத்த முகம் நெருப்பாக எரியும், டப்பாவோடு தோல் டொக்டரிடம் போய்ப் படிப்படியாக விடுங்கள். திட்டுவார்களோ என்று டப்பாவை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பருவுக்கு வருவோம். பெண்ணின் உடம்பிலும் கொஞ்சம் டெஸ்டொஸ்டெரோன் உண்டு, அது தோலின் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். குளிசையில் இருக்கும் எஸ்ட்ரோஜன், அந்த டெஸ்டொஸ்டெரோனைக் கட்டிப் போடும் புரதத்தை ஈரலில் கூட்டுகிறது, சூலகத்தில் அது உற்பத்தியாவதையும் குறைக்கிறது. அதனால் கலப்புக் குளிசை (எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோன் வகையும் சேர்ந்தது) எடுப்பவர்களில் பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் பரு குறையும். ஊசியிலும் குச்சியிலும் எஸ்ட்ரோஜன் இல்லை, புரோஜெஸ்டரோன் வகை மட்டும்தான். அதனால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை, சிலருக்குத் தாடையோரமும் கழுத்தோரமும் பரு கூடும். நெற்றியில் மட்டும் சிறு சிறு பருவாக இருந்தால் முதலில் தேங்காய் எண்ணெயைப் பாருங்கள், காலையில் வைத்து வியர்வையோடு நெற்றிக்கு இறங்குகிறது. இரவில் வைத்து காலையில் கழுவிவிடுங்கள். முதுகில் ஒரே அளவாக, சொறியும் பருக்கள் என்றால் மழைக் கோட்டுக்குள் வியர்த்து வந்த பூஞ்சணமாக இருக்கலாம், அதற்குப் பருமருந்து உதவாது. இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டும் இடத்தில் சொறி வந்தால் அது ஈரமும் உரசலும்.

அசெலயிக் போதாவிட்டால் பென்சோயில் பெரொக்சைட் 2.5 வீதம், இரவில், பரு வரும் பகுதி முழுவதும். தலையணையும் சட்டையும் வெளுக்கும், பழைய துணி விரித்துப் படுங்கள். இதையும் பால் கொடுக்கும்போது பாவிக்கலாம். எட்டு முதல் பன்னிரண்டு கிழமைக்கு முன் பலனைக் கணக்கிட வேண்டாம். ஐசோட்ரெட்டினோயின் என்ற குளிசையைப் பால் கொடுக்கும் காலத்தில் தொடவே கூடாது. பிறகு எப்போதாவது எடுத்தாலும் ஒரு மாதத்துக்கு முன்பிருந்து ஒரு மாதத்துக்குப் பின் வரை உறுதியான கருத்தடை வேண்டும், கருவை அது கடுமையாக ஊனப்படுத்தும்.

இப்போது மாறும் கேள்வி. கிளினிக்கில் கிடைக்கும் குளிசை அட்டையில் 28 இருக்கும், அதில் 21 ஹோர்மோன், 7 இரும்பு. ஹோர்மோன் குளிசை ஒவ்வொன்றிலும் பொதுவாக லெவோநோர்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எதினைல் எஸ்ட்ராடியோல் 0.03 மி.கி. பருவுக்கு இது உதவலாம், ஆனால் மங்கைக் கறுப்பிக்கக்கூடிய முறை எது என்று கேட்டால் முதலில் நிற்பதும் இதுதான். உங்கள் பிள்ளைக்கு 6 மாதம் ஆகவில்லை, பால் கொடுக்கிறீர்கள். எஸ்ட்ரோஜன் பாலைக் குறைக்கலாம் என்பதால் 6 மாதத்துக்கு முன் கலப்புக் குளிசை கொடுப்பதில்லை. இரத்த அழுத்தம் 140க்கு 90ஐ எட்டியவர், கண்ணில் மின்னல்போலத் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர், 35 வயதுக்கு மேல் புகைப்பவர், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியவர் ஆகியோருக்கும் இது சரிவராது.

பாமசியில் "முகத்துக்கு நல்ல குளிசை" என்று விலை கூடிய அட்டைகள் விற்கிறார்கள், ட்ரொஸ்பிரெனோன் அல்லது சைப்ரொடெரோன் உள்ளவை. பருவுக்கும் முக மயிருக்கும் அவை உதவும் என்பது உண்மை. அவற்றில் இரத்தம் கட்டும் அபாயம் சற்றுக் கூட. குளிசை எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு இரத்தம் கட்டும் என்றால், கிளினிக் குளிசையில் 5 முதல் 7, ட்ரொஸ்பிரெனோன் வகையில் 9 முதல் 12. எண் சிறியதுதான், ஆனால் இரத்த அழுத்தம் கூடப் பார்க்காமல் பாமசி மேசையில் வாங்கும் பொருள் அதுவல்ல.

கையில் வைக்கும் இரட்டைக் குச்சி ஜடெல், ஒவ்வொன்றிலும் 75 மி.கி. லெவோநோர்ஜெஸ்ட்ரல், 5 வருடம் வேலை செய்யும். பரு, முடி உதிர்வு இரண்டும் அதன் பக்கவிளைவுப் பட்டியலிலும் உண்டு, எனவே இந்த இரண்டுக்காக ஊசியிலிருந்து குச்சிக்கு ஓடுவதில் இலாபம் நிச்சயமில்லை. ஒரு வசதி இருக்கிறது: ஒத்துவராவிட்டால் எடுத்துவிடலாம், சில நாளில் ஹோர்மோன் இரத்தத்திலிருந்து போய்விடும். ஊசியைப் போட்ட பின் திரும்ப எடுக்க முடியாது, பல மாதம் உடம்பில் நிற்கும். குச்சி வைத்த இடத்தை முதல் நான்கு நாள் நனைக்கக் கூடாது. மழைக்காலத்தில் மலைக்குப் போகும் பெண், வேலைக்குப் போகாத நாட்களைப் பார்த்து வைக்க வேண்டும். பிளாஸ்டர் ஒட்டிய வடிவத்திலேயே சிவந்து சொறிந்தால் அது பிளாஸ்டர் பசை ஒவ்வாமை. கீறிய இடம் நாளுக்கு நாள் வீங்கிச் சூடாகி வலித்தால் கிருமி, அன்றே காட்டுங்கள். வைத்த பிறகு எப்போது கேட்டாலும் எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை, காரணம் காட்டவும் தேவையில்லை.

கருப்பைக்குள் வைக்கும் லூப்பில் ஹோர்மோனே இல்லை, செம்பு மட்டும். மங்குக்கு அதைவிட நல்லது கிடையாது, பருவையும் அது கூட்டாது, 10 வருடம் வேலை செய்யும். ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிடாய் கூடுதலாகப் போகும். ஏற்கனவே இரும்பு தீர்ந்த உடம்பில் லூப் வைத்து, முடி இன்னும் கொட்ட, "ஹோர்மோன் இல்லாததிலும் கொட்டுகிறதே" என்று திகைப்பவர்கள் உண்டு. லூப் உங்கள் விருப்பம் என்றால் முதலில் இரத்தம் பார்த்து இரும்பைச் சரிசெய்து பிறகு வையுங்கள்.

வேறு மருந்துகளையும் சொல்ல வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், பெனிடோயின் ஆகியவை குளிசையையும் குச்சியையும் வலுவிழக்கச் செய்யும். ஊசிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. படர்தாமரைக்குத் தரும் கிரிசியோஃபுல்வின் எடுக்கும்போதும் குளிசை எடுப்பதை டொக்டரிடம் சொல்லுங்கள்.

சில அறிகுறிகளைப் பார்த்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. எந்த முறையானாலும், தோலில் ஒன்றும் தெரியாமல் உள்ளங்கை உள்ளங்கால் சொறிந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் ஈரல் சம்பந்தப்பட்டது. கணுக்காலுக்கு மேலே முன்பக்கத்தில் சிவந்து வலிக்கும் கட்டிகள் எழுவது குளிசையாலும் வரும், வேறு நோயாலும் வரும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மூச்சு முட்டுதல் என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. குரல் தடித்து, முகத்திலும் மார்பிலும் தடித்த மயிர் வேகமாக முளைத்தால் ஊசியைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் ஹோர்மோன் பரிசோதனை செய்ய வேண்டும்.

உங்களுக்கு அடுத்த ஊசி இன்னும் ஒன்பது கிழமையில் வரும். அதுவரை தொப்பி, அசெலயிக், தேத்தண்ணியைத் தள்ளிய சாப்பாடு, இரும்பு ஆகியவற்றைத் தொடங்குங்கள். இரத்தப் பரிசோதனைக்குத் தோட்டத்து டொக்டரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கடிதம் கேளுங்கள். மாதத்தின் முதல் நாள் ஒரே சன்னலோரம், ஒரே நேரம், முகத்தையும் நடு வகிட்டையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். நாளும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது.

ஊசித் திகதி வரும்போது பிள்ளைக்கு ஏழு மாதம் தாண்டியிருக்கும். நெற்றியோரம் சிறு முடி முளைத்து, பரு தாங்கக்கூடிய அளவென்றால் ஊசியைத் தொடரலாம். பருதான் பெரிய துன்பம், மங்கு குறைந்திருக்கிறது, இரத்த அழுத்தம் சரி என்றால் குளிசையைப் பேசலாம். மங்கு கறுத்துக்கொண்டே போகிறது, இரத்தம் நன்றாக இருக்கிறது என்றால் லூப். மாறுவதாக இருந்தால் ஊசித் திகதி அன்றோ அதற்கு முன்போ புதிய முறையைத் தொடங்குங்கள், இடைவெளி வேண்டாம். ஏதோ காரணத்தால் திகதி தவறிவிட்டாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். நான்கு கிழமை வரை பிந்தினாலும் ஊசி போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதையும் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டுப் போடுவார்கள், அதுவரை கொண்டம். மொழி தடையாக இருந்தால் திகதிகளையும் மூன்று தொல்லைகளையும் ஒரு தாளில் எழுதி, படங்களோடு நீட்டுங்கள். "சாதாரணம்தான், போ" என்று அனுப்பப் பார்த்தால், "எனக்கு வேறு என்ன முறைகள் இருக்கின்றன?" என்று கேட்டு, பதில் வரும் வரை கதிரையிலேயே இருங்கள்.